உம்மென்று இருக்க ஏழடிக்கு எட்டடி

அந்தக் கட்டட ஆபீஸில் அவளுக்கு முகத்துக்கு நேரே 'அக்கா' என்று பெயர், முதுகுக்குப் பின்னால் 'ஸ்கேல்'. இருபத்து நாலு வருடமாக அங்கே வீட்டுப் பிளான் வரைகிறாள். கம்ப்யூட்டரில்தான் வரைகிறாள் என்றாலும் மேஜையில் ஓரடி நீள ஸ்டீல் ஸ்கேல் ஒன்று எப்போதும் கிடக்கும். அது அளப்பதற்கு இல்லை. எதிரே நிற்பவன் உளற ஆரம்பித்ததும் மேஜையில் 'டக்' என்று ஒரு தட்டு தட்டுவதற்கு. பெரும்பாலான ஆட்களுக்கு ஒரு தட்டு போதும். முதலாளிக்கு மூன்று வேண்டும்.

வயது நாற்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று யாராவது கேட்டால், "எனக்கு நேரம் கிடைக்கல. உங்களுக்கு நிறைய இருக்கும்போல" என்பாள். அதற்குப் பிறகு அந்த ஆள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை, சில பேர் எந்தப் பேச்சையுமே எடுப்பதில்லை.

கோபக்காரிதான், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் ஆபீஸ் கோபம் வேறு, வீட்டுக் கோபம் வேறு. ஆபீஸில் வெடுக்கென்று பேசித் தீர்த்துவிடுவாள். வீட்டில் அவளுடையது உம்மென்று இருக்கிற கோபம். இதில் ஒரு சங்கடம் உண்டு. கத்துகிறவளுக்கு இடம் தேவையில்லை, நின்ற இடத்தில் கத்திவிட்டுப் போகலாம். உம்மென்று இருக்கிறவளுக்கு இடம் வேண்டும். யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால் அது சரியாக வராது. நடுக்கூடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அண்ணி துடைப்பத்தோடு வந்து, "கொஞ்சம் காலைத் தூக்கு, கூட்டணும்" என்பாள். காலைத் தூக்கிக்கொண்டு எப்படிக் கோபமாக இருப்பது?

அப்பா அம்மா விட்டுப்போன பழைய வீடு அது. அண்ணனுக்கும் அவளுக்கும் பாதிப் பாதி. அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஒரே மகள், ஸ்கேல், ஆக நாலு பேர். அறை இரண்டு. ஒன்று அண்ணனுக்கும் அண்ணிக்கும், இன்னொன்றில் மகள் படிக்கிறாள். ஸ்கேல் கூடத்தில் படுத்தாள், காலையில் பாயைச் சுருட்டினாள். ஆகவே கோபம் வரும்போதெல்லாம் இடம் தேடி அலைந்தாள். பாத்ரூமில் பத்து நிமிடம் தாங்கும், அதற்குள் அண்ணன் கதவைத் தட்டிவிடுவான். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனால் அண்ணி துணி காயப்போட வருவாள். தெரு முனை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தால் தெரிந்தவர்கள் யாராவது "எங்க போறீங்க?" என்று விசாரிப்பார்கள். ஒரு தடவை பதில் சொல்ல முடியாமல் வந்த பஸ்ஸில் ஏறி, கடைசி ஸ்டாப் வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். முக்கால் மணி நேரம். அவள் வாழ்க்கையிலேயே நிம்மதியாகக் கோபப்பட்ட முக்கால் மணி நேரம் அதுதான்.

கோபத்துக்குக் காரணம் எப்போதும் அண்ணிதான். அண்ணியைக் கேட்டால் ஸ்கேல்தான் என்பாள். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் அலமாரியின் எந்தத் தட்டு யாருக்கு என்று ஆரம்பித்தது. அந்த அலமாரி கரையான் அரித்துப் போய்ச் சேர்ந்தது, சண்டை போகவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கீரியும் பாம்பும்தான். இதில் விசேஷம், ஸ்கேல் ஒருநாளும் அண்ணியை 'நீ' என்று சொன்னதில்லை. "நீங்க ஒரு ராட்சசி அண்ணி" என்று மரியாதை குறையாமல்தான் சொல்வாள்.

இந்த நிலைமையில் ஒருநாள் முதலாளி வெளிநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். கையில் பளபளவென்று ஒரு விளம்பரப் புத்தகம். அப்போது பதினாறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக்கு ஸ்கேல் பிளான் வரைந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர்க் குழாய்கள் போகிற சந்துக்குப் பக்கத்தில் ஆறுக்கு ஆறடியில் ஒரு பொந்து மிஞ்சியது. அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

"அதுல பூத்வார்னு எழுதுங்க" என்றார் முதலாளி.

"அப்படின்னா என்ன சார்?"

"பெரிய பெரிய மாளிகையில பொம்பளைங்களுக்குன்னு தனியா ஒரு ரூம் இருக்கும். அதுக்குப் பேரு. இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்றான்."

"இதுல ஜன்னல்கூட இல்லையே சார்?"

"அதனாலதானே பேரு வைக்கிறோம்!"

ஸ்கேலைக் கையில் எடுத்தாள். மூன்று தட்டும் தட்டினாள். முதலாளி சிரித்துக்கொண்டே போய்விட்டார். எழுதித் தொலைத்தாள். அந்தத் தொழிலில் அது புதிதும் இல்லை. பிளானில் ஓர் அறைக்குள் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அந்த அறை. பெட்டி வைக்கக்கூடப் போதாத இடத்தில் 'ஸ்டடி' என்று எழுதிவிட்டால் அங்கே யாரோ படிக்கப்போகிறார்கள் என்று ஆகிவிடும். இப்படி எத்தனையோ பொந்துகளுக்கு அவள் கையாலேயே பெயர் வைத்திருக்கிறாள்.

ஆனால் அந்தச் சொல் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அந்த வாரமே நூலகத்துக்குப் போய், தூக்க முடியாத ஆங்கில அகராதி ஒன்றைத் தூக்கி வைத்துப் புரட்டினாள். முதலாளி சொன்னதில் பாதிதான் சரி. ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சிலிருந்து குடிவந்த சொல். மூலச்சொல்லுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உம்மென்று இருப்பது என்று பொருள். அதன் வாலில் ஒட்டியிருப்பது இடத்தைக் குறிக்கும் துண்டு. பிரெஞ்சில் பலர் சேர்ந்து படுக்கிற கூடத்துக்கும் அதே வால்தான். அது தூங்குகிற இடம் என்றால், இது உம்மென்று இருக்கிற இடம். இங்கிலீஷ்காரர்கள் கைக்கு வந்தபிறகு அது பணக்காரப் பெண்களின் அலங்கார அறையாகிவிட்டது. கண்ணாடியையும் பட்டுத் திரையையும் வைத்துக்கொண்டு கோபத்தை மட்டும் கூட்டித் தள்ளிவிட்டார்கள்.

ஸ்கேல் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தாள். உம்மணாமூஞ்சிக்கென்று ஓர் அறை! அந்தப் பெயரை வைத்தவன் ஆம்பளையாகத்தான் இருக்கவேண்டும், கேலிக்குத்தான் வைத்திருப்பான். வைத்துவிட்டுப் போகட்டும். கேலி செய்துகொண்டே கட்டியும் கொடுத்திருக்கிறானே! இங்கே கேலி மட்டும்தான் நடக்கிறது, ஒரு செங்கல்லைக்கூட யாரும் எடுத்து வைக்கவில்லை. அந்த ஊர்ப் பெண்களை நினைத்து அவளுக்குப் பொறாமையாக இருந்தது. பணத்துக்கோ பட்டுக்கோ இல்லை, மூடிக்கொள்ள ஒரு கதவு இருந்ததற்காக.

அந்த வருடமே பழைய வீட்டை இடித்துக் கட்ட வேண்டிவந்தது. கூரை ஒழுக ஆரம்பித்திருந்தது. பிளான் யார் போடுவது என்ற கேள்வியே எழவில்லை. "அதான் வீட்டுலயே ஆள் இருக்கே" என்றான் அண்ணன். அவள் ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை, சாப்பாட்டு இடைவேளைகளிலேயே வரைந்து முடித்தாள். கீழே கூடம், சமையலறை, அண்ணனுக்கும் அண்ணிக்கும் படுக்கையறை. மாடியில் அண்ணன் மகளுக்கு ஓர் அறை, அதில் ஸ்கேலுக்கும் ஒரு கட்டில். அண்ணனுடைய ஆபீஸ் அறையும் மாடியில்தான். கீழே மாடிப்படியை ஒட்டி, பக்கத்துச் சந்தைப் பார்த்த ஒரு ஜன்னலோடு, ஏழடிக்கு எட்டடியில் ஒரு சின்ன அறை. அந்த ஏழடி எட்டடிக்காகத்தான் மற்ற எல்லா அறைகளையும் வரைந்தாள் என்றுகூடச் சொல்லலாம். அதற்குள் தயங்காமல் 'பூத்வார்' என்று எழுதினாள்.

அண்ணன் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். அவன் எதையும் படித்துக் கையெழுத்துப் போட்டதில்லை. அண்ணி மட்டும் காகிதத்தின்மேல் விரலை வைத்து, "இது என்ன, வாயில நுழையாத பேரு?" என்றாள்.

"அது எனக்கு. கோபம் வந்தா போய் உக்காந்துக்க."

"அப்போ நீ வெளியவே வரமாட்டே" என்றாள் அண்ணி. அன்றைக்கு அதோடு முடிந்தது.

பிளான் அனுமதிக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டது. அங்கே இருந்த அதிகாரி பேனாவால் அந்தச் சொல்லைச் சுழித்துவிட்டார். "இப்படி ஒரு ரூம் எங்க லிஸ்ட்ல இல்லம்மா. பெட்ரூம்னு போடுங்க." படுக்கையறை என்று போட நூறு சதுர அடியாவது வேண்டும், இது ஐம்பத்தாறு. "அப்ப ஸ்டோர்னு போட்டுட்டுப் போங்க" என்றார் அவர். ஸ்கேலுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். எத்தனை வீட்டுக்குச் செய்ததோ அதையே தன் வீட்டுக்கும் செய்தாள். 'ஸ்டோர்' என்று மாற்றி, திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள். அது அதிகாரிக்குச் சொல்கிற பெயர், வீட்டுக்கு அது என்னவென்று வீட்டுக்குத் தெரியும் என்று நினைத்தாள். ஊர் உலகத்துக்கெல்லாம் எழுத்துதான் அறை என்று விற்றவள், தன் வீட்டில் மட்டும் எழுத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்று நம்பினாள். அவள் புத்திசாலித்தனத்துக்கு அன்றைக்கு லீவு போலிருக்கிறது.

குடிவந்த அன்று சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தாள். ஒரு நாற்காலியும் ஒரு தலையணையும் கையோடு கொண்டுபோய் அந்த அறையைத் திறந்தாள். உள்ளே கால் வைக்க இடமில்லை. அரிசி மூட்டை, உடைந்த டேபிள் ஃபேன், மூன்று சூட்கேஸ், யாரோ எப்போதோ கொடுத்த, இதுவரை பிரிக்காத பாத்திரப் பெட்டிகள்.

"அண்ணி!"

அண்ணி சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"யாரைக் கேட்டு இதையெல்லாம் இங்க வச்சீங்க?"

"யாரைக் கேக்கணும்? ஸ்டோர்ல சாமான் வைக்காம சாமானை என் தலையிலயா வைக்கிறது?"

"இது ஸ்டோர் இல்லன்னு உங்களுக்குத் தெரியும்."

அண்ணி பேசாமல் போய், அலமாரியிலிருந்து பிளானை எடுத்துவந்து விரித்தாள். தயாராகத்தான் வைத்திருந்திருக்கிறாள். "இது யார் எழுத்து? பக்கத்துல இருக்கிறது யார் கையெழுத்து? நானா எழுதினேன்?"

ஸ்கேலுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அது ஆபீசருக்காக எழுதினது."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் உன் அளவுக்குப் படிச்சவளா? எழுதியிருக்கிறதைத்தான் படிப்பேன்."

பஞ்சாயத்துக்கு அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவன் பிளானைப் பார்த்தான், மூட்டையைப் பார்த்தான், இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். "ஸ்டோர்னுதாம்மா போட்டிருக்கு" என்றான். பிறகு, "நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க" என்று மாடியேறித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பேசித் தீர்க்கவில்லை. தூக்கித் தீர்த்துக்கொண்டார்கள். தினமும் சாயங்காலம் ஸ்கேல் வந்து அத்தனை சாமானையும் கூடத்தில் கொண்டுவந்து குவிப்பாள். மறுநாள் அவள் ஆபீஸ் போனதும் அண்ணி அத்தனையையும் உள்ளே கொண்டுபோய் அடுக்குவாள். அந்த உடைந்த ஃபேன் ஓடிய காலத்தில்கூட அவ்வளவு சுற்றியிருக்காது. ஸ்கேலுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அண்ணிக்கும் பிடித்திருக்கவேண்டும், நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடந்தாள். அதைப் பார்த்து ஸ்கேலுக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு மாதம் ஓடியது. கடைசி வாரம் இடுப்பு வலியில் ஸ்கேல் அந்த அறைப் பக்கமே போகவில்லை, சாமான் உள்ளேயே கிடந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு சுத்தமாக நின்றுபோனது. எதையாவது சொல்லவேண்டுமானால் சுவரைப் பார்த்துச் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்த கையோடு ஸ்கேல் ஒரு முடிவுக்கு வந்தாள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கி உள்பக்கம் போட்டுவிட வேண்டியது. சாமானோடு சாமானாக உட்கார்ந்துகொண்டாலும் சரி, இனி விடுமுறை நாள் முழுக்க வெளியே வரப்போவதில்லை. மாடியில் இருந்தபடியே கதவு வேலை பார்த்த கார்பென்டருக்கு போன் போட்டாள்.

"மாடிப்படிக்குப் பக்கத்து ரூமா?" என்றார் அவர். "அதுக்குப் போன வாரமே போட்டாச்சேம்மா."

"உள்பக்கம் வேணும். ஸ்டோர்னு நினைச்சு வெளிப்பக்கம் போட்டிருப்பீங்க."

"உள்பக்கம்தான் போட்டேன். உங்க அண்ணிதான் நின்னு பாத்துப் போடச் சொன்னாங்க. நல்லா அழுத்தமா விழணும்னு ரெண்டு தடவை மாத்தச் சொன்னாங்க."

ஸ்கேல் போனை வைத்தாள். அரிசி மூட்டைக்கு எதற்கு உள்பக்கம் தாழ்ப்பாள்? கீழே இறங்கி வந்தாள். கூடத்தில் யாரும் இல்லை. சமையலறையில் யாரும் இல்லை. அந்தச் சின்ன அறையின் கதவைத் தள்ளினாள். அசையவில்லை.

"யாரு உள்ள?"

உள்ளே ஏதோ பெட்டி இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அண்ணி, நீங்கதானே?"

"சாமான் எடுக்கிறேன்."

"தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா?"

"போ இங்கேருந்து" என்றது குரல். அழுது அடைத்துப்போன குரல். ஸ்கேலுக்கு அந்தக் குரலைத் தெரியும். பாத்ரூமிலிருந்து அண்ணனுக்கு 'இதோ வந்துட்டேன்' என்று சொல்லும்போது அவளுக்கே அந்தக் குரல்தான் வரும்.

"என்ன பண்றீங்க உள்ள?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்திருக்கேன். சும்மா உக்காரக்கூடாதா நான்? நீ ஆபீஸ் போனதும் தினமும் இங்கதான் ஒரு மணி நேரம் உக்காந்திருக்கேன், போதுமா? போய் உங்க அண்ணன்கிட்ட கோள் சொல்லு."

ஸ்கேலுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அப்போ ஸ்டோர் ஸ்டோர்னு ஒரு மாசமா என் இடுப்பை ஒடிச்சது இதுக்குத்தானா? எனக்கு வேணும்னு வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

ஸ்கேல் யோசித்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "மாட்டேன்."

"அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

"இது எனக்குன்னு நான் வரைஞ்ச ரூம் அண்ணி. வெளிய வாங்க."

"வரமாட்டேன்." உள்ளே மூட்டை நகர்ந்தது. எழுந்து கதவுக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும், குரல் கிட்டத்தில் கேட்டது. "நல்லா வரைஞ்சே. உங்க அண்ணனுக்கு மாடியில பதினாலுக்குப் பன்னண்டு. அவரு கேட்டாரா? கேக்கல. நீயா வரைஞ்சு குடுத்தே. பிள்ளைக்கு ஒரு ரூம். உனக்குப் பேரே சொல்ல வராத ஒரு ரூம். எனக்கு எதை வரைஞ்சே? சொல்லு, கேப்போம்."

ஸ்கேலுக்கு அந்தப் பிளான் மனப்பாடம். கண்ணை மூடினாலும் ஒவ்வொரு சுவரும் தெரியும். கூடத்தில் தொடங்கி ஒவ்வோர் அறையாக நுழைந்து வந்தாள். படுக்கையறை என்று சொல்லலாம், அது அண்ணனுக்கும் சேர்த்துப் போட்டது. 'கிச்சன்' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. ஊரில் நூறு வீட்டுக்கு யார் எங்கே படுப்பது, யார் எங்கே உட்காருவது என்று கேட்டுக் கேட்டு வரைந்தவள், இருபத்திரண்டு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணனுக்கு எதற்கு அவ்வளவு பெரிய ஆபீஸ் அறை? அவன் வேலைக்குப் போகிற இடத்தில் அவனுக்கு ஒரு மேஜை இருக்கிறது. வீட்டில் அவன் அதற்குள் பேப்பர் படிக்கிறான், தூங்குகிறான். கை அதுபாட்டுக்குப் பதினாலுக்குப் பன்னிரண்டு என்று வரைந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதைவிட, போயும் போயும் இவள் வாயால் இதைக் கேட்கவேண்டி வந்ததே என்று எரிச்சலாக இருந்தது. இத்தனை வருடமாக ஆசை ஆசையாக வெறுத்துவந்த ஒருத்திக்காகப் பரிதாபப்படுவது லேசான காரியம் இல்லை.

மாடியில் கதவு திறந்தது. அண்ணன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு படியில் இறங்கி வந்தான்.

"உங்க அண்ணி எங்க? டீ குடுன்னு எத்தனை தடவை கூப்பிடுறது?"

உள்ளே மூச்சு விடுகிற சத்தம்கூட நின்றுபோனது. ஸ்கேல் கதவைக் காட்டியிருக்கலாம். அதற்கு ஒரு விரல் போதும், அந்த அறையே அவள் கைக்கு வந்திருக்கும். தாழ்ப்பாளையும் அழுத முகத்தையும் பார்த்து அண்ணன் சிரித்திருப்பான், அதற்கப்புறம் ஆயுசுக்கும் அண்ணி அதற்குள் காலெடுத்து வைத்திருக்க மாட்டாள்.

"வெளிய போயிருக்காங்க" என்றாள்.

"எங்க?"

"எங்கிட்ட சொல்லிட்டா போவாங்க?"

அதை நம்புவதில் அவனுக்கு எந்தச் சிரமமும் இல்லை. "இங்க பேச்சுக் குரல் கேட்டுச்சே?"

"நான்தான். தனியா பேசிக்கிட்டிருந்தேன்."

அண்ணன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "டீ?" என்றான்.

"நீயே போட்டுக்கோண்ணா."

அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். ஸ்கேல் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

"போயிட்டாரா?" உள்ளேயிருந்து மெதுவாக.

"ம்."

"நீயும் போ."

"போகமாட்டேன். நீங்க முடிச்சிட்டு வெளிய வாங்க, அடுத்து நான் உள்ள போகணும். எனக்கும் கோபம் வந்திருக்கு."

"எனக்கு இன்னும் நேரமாகும்."

"ஆகட்டும். உக்காந்திருக்கேன்."

சமையலறையில் ஒரு தட்டு விழுந்து உருண்டது. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. "சர்க்கரை எங்கம்மா இருக்கு?" என்று அண்ணன் கத்தினான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கத்தினான். கதவுக்கு உள்ளே இருந்தவளும் வாயைத் திறக்கவில்லை, வெளியே இருந்தவளும் திறக்கவில்லை.